முழு வரவு

பின்சீட்டில் யாரோ பெல்ட் போடாமல் இருக்கிறார் என்று கார் சொன்னது.

கார் அதைக் கத்திச் சொல்வதில்லை. முன்பலகையில் சின்னதாக ஒரு சிவப்பு மனித உருவம், கூடவே இரண்டு விநாடிக்கு ஒரு 'டிங்'. துசியந்தி குட்மேய்ஸில் தன் வீட்டு வாசலைவிட்டு முழுதாக வெளியேறக்கூட இல்லை. திரும்பிப் பார்த்தாள். பின்சீட்டில் ஒரு துணிப்பை. பைக்குள் ஒரு பழைய வரவு இடாப்பு, பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. அரைக் கிலோவும் தேறாது. போன வாரம் அதே சீட்டில் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்று வந்தது. அதற்குக் கார் வாயே திறக்கவில்லை.

ஞாயிறு பகல் பன்னிரண்டரைக்குக் காரோடு வாதாட அவளுக்குத் தெம்பில்லை. இறங்கி, பின்கதவைத் திறந்து, இடாப்புக்கு பெல்ட் போட்டுவிட்டாள். 'டிங்' நின்றது. சிவப்பு உருவம் பச்சையானது. இடாப்புக்கு இனி விபத்தில் ஒன்றும் ஆகாது.

கரம்பைத்துறை மத்திய கல்லூரிப் பழைய மாணவர் சங்கத்தின் லண்டன் கிளைக்கு அவள் செயலாளர். அந்தப் பதவிக்கு அவள் போட்டியிடவில்லை. மூன்று வருடத்துக்கு முன் பொதுக்கூட்டத்தில் தெரிவு நடந்தபோது ரொய்லெட்டில் இருந்தாள்; கை கழுவிவிட்டு வந்தபோது எல்லோரும் எழுந்து கைதட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு நவம்பரும் ஒன்றுகூடல் அவள் தலையில்தான். மண்டபம், கதிரை, கொடி, குத்துவிளக்கு, ரோல்ஸ், கட்லட். கல்லூரிக் கீதத்துக்கு இரண்டு மெட்டு இருக்கிறது. பழையவர்கள் பழைய மெட்டிலும் பிந்தியவர்கள் புதிய மெட்டிலும் ஒரே நேரத்தில் பாடுவார்கள், இரண்டு பகுதியும் கடைசி வரியில் சந்தித்துக்கொள்ளும். பிறகு தலைவர் எட்வேட் அண்ணையின் உரை. அது எந்த வரியிலும் எதையும் சந்திக்காது.

எல்லாம் முடிந்த பிறகு, இடாப்புக் கூப்பிடுதல்.

அதற்காகத்தான் சனம் மழையிலும் வருகிறது. தொண்ணூற்றாறாம் ஆண்டுப் பதினோராம் வகுப்பின் இடாப்பு அது. மற்ற வகுப்புகளின் இடாப்புகளெல்லாம் எரிந்தோ நனைந்தோ போய்விட, வகுப்பாசிரியர் கிறிஸ்துநாயகம் சேரின் பைக்குள் கிடந்து கடல் கடந்தது இது ஒன்றுதான். ஆகவே முப்பத்தெட்டுப் பேரின் இடாப்பு முழுப் பாடசாலைக்கும் இடாப்பாயிற்று. பின்பக்கத்து வெற்றுத் தாள்களில் வருடத்துக்கு ஒரு நிரல் கீறி, சேர் பெயர் கூப்பிடுவார். மண்டபத்தில் இருப்பவர் "பிரசன்ட் சேர்" என்பார். வெளிநாட்டில் இருப்பவருக்காக ஒரு கூட்டாளி எழுந்து "கனடா, சேர்", "பிரான்ஸ், சேர்" என்பார். இருவருக்கும் சாய்வாக ஒரு கோடு. இறந்தவர்களுக்கு 'வி'. விலகல் என்பதன் சுருக்கம். பாடசாலை நிர்வாகத்தில் சாவுக்கென்று தனி எழுத்துக் கிடையாது.

இருபத்துமூன்றாம் இலக்கத்துக்கு மட்டும் ஒரு புள்ளி.

புள்ளி என்றால் பிந்தி வருகிறவன். வந்ததும் புள்ளியின் மேல் கோடு போடவேண்டும். இருபத்தொன்பது வருடமாகச் சேர் அந்தப் பெயரைக் கூப்பிட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி, ஒரு நிமிடம் வாசலைப் பார்த்து நிற்பார். பிறகு புள்ளி.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் இடாப்பை அவள் மடியில் வைத்தபோது சேருக்கு மூச்சுக்கு இரண்டு சொல்தான் வந்தது.

"கூப்பிட முதல்... அவன்ரை தாய் மனுசிக்குச் சொல்லிப்போடு, பிள்ளை. நான் சொல்லியிருக்க வேணும். எனக்கும்... துணிவில்லை."

"ஓம் சேர்."

"கோடு போடாதை. புள்ளி."

"ஓம் சேர்."

சனிக்கிழமை பின்னேரம் சாப்பாட்டு மேசையில் இருந்து அவள் நிரலை முன்கூட்டியே நிரப்பினாள். ஆறு மணிக்கு மண்டபத்தைக் காலியாக்கிப் பூட்டித் திறப்பைக் கொடுக்கவேண்டும். போன வருடம் இடாப்பு முடிந்து எட்வேட் அண்ணை 'கல்வியே கருந்தனம்' என்று நன்றியுரையைத் தொடங்கிய கையோடு காவலாளி லைற்றை அணைத்துவிட்டான். யார் வருவார், யார் எந்த நாட்டில், யார் 'வி' என்பதெல்லாம் தெரிந்ததுதானே. பென்சில் தேடி எழும்பவும் அலுப்பு. நீலப் பேனையால் கோடு, கோடு, வி, கோடு. கிழமைக்கு ஐந்து நாளும் பல் வைத்தியசாலையின் வரவேற்பு மேசையில் அவள் செய்வது இதைத்தான். வந்தவர், வந்தவர், வராதவர். கை தன்பாட்டில் இறங்கியது. இருபத்துநாலாம் இலக்கத்தில், தன் சொந்தப் பெயருக்குக் கோடு போட்ட பிறகுதான் மேலே பார்த்தாள்.

இருபத்துமூன்று. கமலரூபன். கோடு.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடி வைத்தாள்.

மனோர் பார்க்கில் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மண்டபம் எப்போதும்போல மணத்தது: தரை மெழுகு, ஈரக் கோட்டு, ரேடியேற்றருக்குள் கருகும் தூசி, முதல் நாள் யாருடையதோ பிறந்தநாளுக்கு வெட்டிய கேக். குழாய்களுக்குள் சுடுதண்ணீர் ஏறும்போது சுவரின் உட்புறத்தில் ஒருவன் விரல் மடக்கித் தட்டிக்கொண்டு போவதுபோல ஒரு சத்தம் முன்மூலையில் தொடங்கி மூடிய பியானோவுக்குப் பின்னால் போய் நின்றது. அவள் தனியாகக் கதிரைகளைப் பரப்பினாள். நூற்றியிருபது. ஏன் தனியாக என்றால், உதவிக்கு வருவதாகச் சொன்ன நான்கு பேரும் வாட்ஸ்அப்பில் கைகூப்பி இருந்தார்கள்.

பெயர் லேபல்களை மேசையில் அடுக்கினாள். இடாப்பில் கோடு விழுந்தவர்களின் பட்டியலைத்தான் பிரிண்டருக்குக் கொடுத்திருந்தாள். ஆகவே அவனுடையதும் வந்திருந்தது. மேலே கல்லூரிச் சின்னம், கீழே கொட்டை எழுத்தில் 'கமலரூபன்'. அதைக் கவிழ்த்து மேசையின் ஓரத்தில் வைத்து, மேலே ஒட்டும் ரேப் உருளையை ஏற்றினாள்.

போன் அதிர்ந்தது. சேரின் மகள் ஏஞ்சலா. 'அப்பா திரும்பத் திரும்பக் கேக்கிறார் அக்கா, புள்ளி போட்டாச்சோ எண்டு. ஒண்டும் விளங்கேல்லை.'

'ஓம்' என்று அனுப்பினாள்.

நிமிர்ந்தபோது ரேப் உருளை இருந்தது. அதன் கீழே ஒன்றும் இல்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள். இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. அதோடு விட்டுவிட்டாள்.

மூன்று மணிக்குச் சனம் வரத் தொடங்கியது. முதல் ஆள், வழக்கம்போல, தவநாயகி அன்ரி. கமலரூபனின் தாய். எழுபத்தெட்டு வயது. மோர்டனிலிருந்து இரண்டு ரயில் மாறி, மண்ணிறக் கோட்டும் கைத்தடியுமாக வந்து, முன்வரிசையில் ஓரக் கதிரையில் இருந்து, பக்கத்துக் கதிரையில் கைப்பையை வைப்பார். அந்தக் கதிரை எந்த வருடமும் எவருக்கும் விடப்பட்டதில்லை.

"சேர் எப்பிடி, பிள்ளை?"

"அப்பிடியேதான் அன்ரி. கதைக்கக் களைக்குது."

"அப்ப நீயோ கூப்பிடப்போறாய்?"

"ஓம்."

"ஆறுதலாக் கூப்பிடு. போன முறை சேர் கொஞ்சம் அவசரப்பட்டுட்டார். அவன் பிந்தித்தான் வருவான், சின்னனிலை இருந்தே அப்பிடி. அண்டைக்கு மட்டும் பார், நேரத்துக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கிறான்." அன்ரி கைத்தடியைக் கதிரைக்குக் கீழே சரிசெய்தார். "நீ வகுப்பிலை அவனுக்குப் பக்கத்து வாங்கிலை இருந்தனீதானே. அண்டைக்கு என்ன கதைச்சவன் பிள்ளை? சாப்பிட்டவனோ?"

ஒவ்வொரு வருடமும் இதே கேள்வி. ஒவ்வொரு வருடமும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. ஒரு வருடம் அவன் கணக்குப் பாடத்தில் பகிடி விட்டான். ஒரு வருடம் பாண் சாப்பிட்டான். இருபத்தொன்பது வருடத்தில் அந்த ஒரு காலைக்கு ஒரு முழு நாவலே எழுதியிருந்தாள்.

அவன் அன்று வரவேயில்லை.

துசியந்தி வகுப்புத் தலைவி. இராணுவச் சோதனைச் சென்றிகளில் சைக்கிளை உருட்டி உருட்டிச் சேர் வர நேரமாகும் நாட்களில் அவளே இடாப்புக் கூப்பிடுவாள். அந்த மாதம் முழு வரவுக் கேடயம் அவர்களுடைய வகுப்புக்குக் கிடைக்க இன்னும் ஒரே ஒரு நாள். புள்ளி ஒன்று விழுந்தாலும் கேடயம் போச்சு. கமலரூபன் எப்படியும் இரண்டாம் பாடத்துக்குள் வந்துவிடுவான். எத்தனை தரம் அவனுக்காகக் கோடு போட்டிருக்கிறாள். ஆகவே அவன் பெயரைத் தானே கூப்பிட்டு, தாடையை நெஞ்சோடு அழுத்தி, கன்னத்தை உள்ளே இழுத்து, ஆம்பிளைக் குரலில் தானே சொன்னாள்: "பிரசன்ட் சேர்." சேரே இல்லாத வகுப்பில் 'சேர்'. வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவள் கோடு போட்டாள்.

இரண்டாம் பாடம் முடிந்தது. மூன்றாம் பாடமும்.

அவன் இரவும் வீடு வரவில்லை என்று அடுத்த நாள் தாய் வந்தபோது அதிபர் இடாப்பைப் பார்த்து, மாணவன் அன்றையதினம் சமுகமளித்துள்ளார் என்று கடிதம் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். சென்றியில் கடிதத்தைப் படித்தார்கள். உங்கள் பிள்ளை எங்களைத் தாண்டிப் பாடசாலைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறான், இங்கே என்ன தேடுகிறீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அன்ரி பாடசாலையிலிருந்து வீட்டுக்கு வரும் மத்தியான வழியெல்லாம் தேடினார். கிணறுகள், பற்றைகள், தெரிந்தவர் வீடுகள். காலை வழியை யாரும் தேடவில்லை. அது பொய் வரவு என்று சேர் ஐந்தாம் நாள்தான் கண்டுபிடித்தார். கோட்டை அழித்துப் புள்ளி வைத்தார். கடிதத்தை அழிக்க அவரால் முடியவில்லை.

சொல்லிவிடு. இப்போது. மண்டபத்தில் பத்துப் பேர்கூட இல்லை.

"அன்ரி..."

"சொல்லு பிள்ளை."

"ரீ போடட்டே?"

"போடு. சீனி வேண்டாம். போகேக்கை என்னை மோர்டனிலை இறக்கிவிடுவியே? மருமோனுக்கு ஷிப்ட்."

"ஓம் அன்ரி."

நாலேகாலுக்கு ஜன்னல்கள் கறுத்தன. ஈரமும் மூச்சும் கண்ணாடியில் படிந்து, வெளியே தெரு விளக்கு மஞ்சள் கறையாக ஊறியது. கீதம் இரண்டு மெட்டில் ஓடி முடிந்தது. எட்வேட் அண்ணை உரையாற்றினார். இந்த வருடத்துச் சுலோகம் 'முழு வரவு'. வெளிநாட்டுக் கூட்டாளிகளைச் சூமில் பிடித்துத் திரையில் கட்டம் கட்டமாக நிறுத்தியிருந்தார். ரொறொன்ரோவில் ஒருவர் பல் தீட்டிக்கொண்டிருந்தார். நாற்பது நிமிட உரையில் துசியந்தி மண்டபத்தை மூன்று தரம் எண்ணினாள், கட்லட் எல்லாருக்கும் காணுமோ என்று. மூன்று தரமும் தலைகள் நூற்றிமூன்று. வாசலில் கையெழுத்து வைத்தவர்கள் நூற்றியிரண்டு. தன்னை எண்ணினாளா, விட்டாளா என்று அவளுக்கே தெரியவில்லை. களைத்த ஆளின் கணக்கு அப்படித்தான்.

மேடையில் ஏறி இடாப்பை விரித்தாள். ஏன் விரித்தாள்? நிரலைப் பார்க்காமலே கூப்பிடலாமே. விரித்தாள். தாள் வழக்கத்தைவிடக் குளிராக இருந்தது, வெளியே விட்டு எடுத்த மாதிரி.

"ஒண்டு. அருள்வேந்தன்."

"கனடா, சேர்!" திரையில் கைதட்டல். அவளைச் 'சேர்' என்றதற்குச் சிரிப்பு.

"ரெண்டு. இந்துமதி."

"பிரசன்ட் சேர்."

இப்படியே போனது. பத்து. பதினாலு. 'வி' வந்த இடங்களில் மண்டபம் தலை குனிந்தது. குழாய்கள் தட்டுவது மட்டும் கேட்டது. முன்மூலையிலிருந்து பின்னுக்கு, பியானோ வரைக்கும். போய் நிற்கிறது. திரும்பி வருவதில்லை. பதினெட்டு. தண்ணீர் குடித்தாள். இருபத்தொன்று. முன்வரிசையில் தவநாயகி அன்ரி காலை நேராக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்து, பின்னால் வாசலைப் பார்க்க வசதியாக அரைவாசி திரும்பி இருந்தார். இருபத்திரண்டு.

குழாய் நின்றது.

"இருபத்திமூண்டு." மைக்கில் தன் மூச்சுக் கேட்டது. "கமலரூபன்."

சேர் நின்றதுபோல நின்றாள். கண்ணாடி அவளிடம் இல்லை. வாசலைப் பார்த்தாள். வாசல் மூடியிருந்தது. ஒரு குழந்தை இருமியது. நல்லது. ஒரு நிமிடம். பிறகு இந்தக் கோட்டுக்கு மேல் ஏதாவது செய்து, அடுத்தது தன் பெயர், பிறகு ரோல்ஸ், பிறகு வீடு, பிறகு நித்திரை...

"பிரசன்ட் சேர்."

வாசலில் இருந்தல்ல. பியானோவுக்குப் பக்கத்தில் இருந்து.

ஆணின் குரல் இல்லை. பையனின் குரலும் இல்லை. ஒரு பெண்பிள்ளை தாடையை நெஞ்சோடு அழுத்தி, கன்னத்தை உள்ளே இழுத்து, ஆம்பிளைக் குரல் காட்டினால் வரும் குரல். சொல்லின் முடிவில் சிரிப்பை அடக்குகிற ஒரு சின்னத் தெறிப்பு. அதுவும் அப்படியே.

"ஆரப்பா அது, கனடாவோ?" எட்வேட் அண்ணை திரையைப் பார்த்துக் கையாட்டினார். "மியூட் பண்ணுங்கோ! பகிடி விடுற நேரமே இது? மியூட் பண்ணுங்கோ!"

சிலர் சிரித்தார்கள். சிலர் உச்சுக்கொட்டினார்கள். ரொறொன்ரோக்காரர் வாயில் பிரஷ்ஷோடு தலையை ஆட்டி மறுத்தார்.

தவநாயகி அன்ரி சிரிக்கவில்லை. பின்னால் பார்க்கவும் இல்லை. பக்கத்துக் கதிரையில் இருந்த கைப்பையை எடுத்து மடியில் வைத்தார். கதிரையின் இருக்கையை உள்ளங்கையால் இரண்டு தரம் துடைத்தார். தட்டினார். வா, இரு என்பதுபோல.

கதிரையின் முதுகில், நெஞ்சு வரும் உயரத்தில், ஒரு லேபல் ஒட்டியிருந்தது.

"துசியந்தி, விடு, அடுத்ததைக் கூப்பிடு," என்றார் எட்வேட் அண்ணை மெதுவாக. "நேரம்."

"இருபத்திநாலு." அவளுடைய இலக்கம். அவளே கூப்பிட்டு அவளே பதில் சொல்லவேண்டும். அதில் அவளுக்குப் பழக்கம் இருந்தது. "துசியந்தி."

வாயைத் திறந்தாள். 'பிரசன்ட்' என்பது காற்றாக வந்தது. மைக்கில் உரசல் மட்டும்.

"தொண்டை போச்சுது பிள்ளைக்கு. ஓடித் திரிஞ்ச களை." எட்வேட் அண்ணை மைக்கை வாங்கினார். மிச்சப் பதினாலு பெயரையும் உற்சாகமாகக் கூப்பிட்டார். கடைசியில் நிரலை மேலிருந்து கீழே விரலால் தடவிப் பார்த்தார். "அட! ஒரு புள்ளிகூட இல்லை! முழு வரவு!"

மண்டபம் எழுந்து கைதட்டியது.

அவள் இடாப்போடு பின்பக்கத்துச் சமையல் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். விரலை நனைத்து இருபத்துமூன்றாம் இலக்கத்துக் கோட்டைத் தேய்த்தாள். நீலம் பரவியது, கோடு போகவில்லை. முன்பக்கத்தைப் புரட்டினாள். தொண்ணூற்றாறு. அந்த மாதம். அந்த நாள். சேர் அழிறப்பரால் அழுத்தித் தேய்த்துத் தாள் மெலிந்து, நடுவில் பென்சில் புள்ளி வைத்திருந்த இடம். அந்த இடத்தை அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும்.

புள்ளி இல்லை. கோடு. தன்னுடைய சாய்வான பதினாறு வயதுக் கோடு. பெருவிரலை வைத்து எடுத்தாள். விரலில் மை ஒட்டியது.

ஈரம்.

வெளியே வந்தபோது சனம் சாப்பாட்டு மேசையைச் சூழ்ந்திருந்தது. முன்வரிசையில் அன்ரியின் மடியில் ஒரு தட்டு. பக்கத்துக் கதிரையில் இன்னொரு தட்டு. அந்தத் தட்டில் ரோல்ஸைப் பிளந்து, பச்சைமிளகாயைப் பொறுக்கி, ஓரத்தில் வரிசையாக வைத்திருந்தது.

"அவனுக்கு உறைப்பு ஒத்துவராது," என்றார் அன்ரி. முகம் கழுவித் துடைத்ததுபோல இருந்தது.

கதிரையின் முதுகில் லேபல் இல்லை.

ஆறேகாலுக்குத் திறப்பைக் கொடுத்துவிட்டுக் காருக்கு வந்தார்கள். மழை தூறியது. தெருவில் வேறு யாரும் இல்லை. அவள் முன்கதவைத் திறந்து, இருங்கோ என்று கையால் காட்டினாள். குரல் இப்போது வெறும் ஒரு கீச்சு.

"வேண்டாம் பிள்ளை. பின்னுக்கு இருக்கிறம்."

இருக்கிறம்.

கதவுகள் சாத்துப்பட்டன. ஒன்று. இரண்டு. மூன்று. அவளுடையது, அன்ரியுடையது, இன்னொன்று. அவள் தெருவைப் பார்த்தாள். பின்பார்வைக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. வீதிதான் முக்கியம். எத்தனை தரம் போன வீதி. காரை எடுத்தாள்.

டிங்.

பின்சீட்டில் ஒரு உருவம் பச்சை. பக்கத்தில் ஒன்று சிவப்பு. இடாப்பு இருந்த துணிப்பை அவளுக்குப் பக்கத்தில், முன்சீட்டின் கீழே கிடந்தது.

டிங்.

"பொறு, பொறு, நான் போட்டுவிடுறன். இந்த நாட்டுச் சட்டம் ராசா. எல்லாரும் போடவேணும்." பட்டி இழுபடும் சத்தம், நீளமாக, ஒரு உடம்பைச் சுற்றிவரத் தேவையான அளவுக்கு நீளமாக. கிளிக்.

பச்சை.

பெரிய வீதிக்கு ஏறி, ஆற்றுப் பக்கம் இறங்கி, பிளாக்வால் சுரங்கத்துக்கு முன்னால் வாகனங்கள் நகர்ந்தன. வைப்பர் முனகியது. ஹீற்றர் போட்டிருந்தும் பிடரியில் குளிர் ஊதியது. ஈரமான பாடசாலைச் சட்டையின் மணம், சைக்கிள் சங்கிலி எண்ணெயின் மணம், அதற்கடியில் நெடுநாள் மூடிக்கிடந்த மண்ணின் மணம். அன்ரி பின்னால் தாழ்ந்த குரலில் கதைத்துக்கொண்டே வந்தார். மோர்டன் வீட்டில் எந்த அறை. எந்தப் போர்வை. தங்கச்சிக்கு இரண்டு பிள்ளைகள்.

சுரங்கம் விழுங்கியது. ரேடியோ செத்தது. மஞ்சள் ஓடுகள், மஞ்சள் வெளிச்சம், மஞ்சள், மஞ்சள். மழைச் சத்தம் அறுந்து, காருக்குள் இருப்பது மட்டும் கேட்டது.

"சாப்பிட்டது காணுமே, ராசா?"

"பிரசன்ட் சேர்."

"எங்கையடா இவ்வளவு நாளும் இருந்தனீ?"

"பிரசன்ட் சேர்."

"குளிருதே?"

"பிரசன்ட் சேர்."

அன்ரி சிரித்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. சக்கரங்களின் இரைச்சல். ஒரு வளைவு. இன்னொரு வளைவு.

"துசியந்தி."

அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

"ஏன் பிள்ளை, இவன் உன்ரை குரலிலை கதைக்கிறான்?"

இப்போது. இருபத்தொன்பது வருடத்தில் முதல் தடவையாக அந்த வசனம் முழுதாக, தயாராக, நாக்கின் நுனியில் வந்து நின்றது. அண்டைக்கு அவன் வரேல்லை அன்ரி. நான்தான் சொன்னனான். காலை வழியிலைதான் தேடியிருக்க வேணும். சொல்லிவிட்டால் முடிந்தது. சொல்லத்தான் போகிறாள். உண்மையாகவே சொல்லத்தான் போகிறாள். வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

காற்றுக்கூட இல்லை. நாக்கு அசைந்தது. உதடு அசைந்தது. தொண்டையைக் கையால் பிடித்தாள். திரும்ப. திரும்ப. அண்டைக்கு. அவன். வரேல்லை.

கண்ணாடியைப் பார்த்தாள்.

தவநாயகி அன்ரி சீப்பை எடுத்து, தன் பக்கத்தில், தன் தோளைவிடச் சற்று உயரத்தில், வெறும் காற்றை மெதுவாக வகிடெடுத்து வாரிக்கொண்டிருந்தார். அதன் கீழே பெல்ட் பட்டி எதையோ இறுக்கிக் குறுக்கே போயிருந்தது. பட்டிக்கு மேலே 'கமலரூபன்' என்ற லேபல் எதிலும் ஒட்டாமல் நின்றது. பட்டி உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

"ஏன் பேசாமல் வாறாய், துசியந்தி? இருக்கிறியே?"

அவள் வாய் அசைந்தது.

"பிரசன்ட் சேர்," என்றது பின்சீட்டு.